மரண வால்ட்டாம்!

2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாகர் செய்த புரொடுனோவாவை நம் ஊடகங்கள் ‘மரண வால்ட்’ என்றே எழுதின. ஓடிவந்து மேசையில் கைகளை ஊன்றி எம்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். இதையே ஆண்களும் செய்கிறார்கள். அவர்களுக்கு அது ‘ரோச்’. கியூபா வீரர் ஒருவரின் பெயர், அவ்வளவுதான். கழுத்து முறியும் ஆபத்து அவர்களுக்கு இல்லையா? ஆண் செய்தால் துணிச்சல், பெண் செய்தால் சாவு! ‘பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா?’ என்று என்னிடமே கேட்டார்கள், படித்தவர்கள்தான். வெண்கலத்தை 0.15 புள்ளியில் தவறவிட்டவரைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது? அகர்தலாவில் பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்து ஒப்பேற்றிய கருவியில் பழகியவர் அவர். அவர் கழுத்துக்காகப் பதறியவர்களில் ஒருவராவது, விழுந்தால் தாங்க ஒரு நல்ல மெத்தை கேட்டு அன்று குரல் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.