ஊசி மாட்டுக்கு, மருந்து யாருக்கு?

காலையில் கடையில் ஒரு டீ. வீட்டில் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால். அந்தப் பாலோடு மாட்டுக்குப் போட்ட மருந்தும் சேர்ந்து வந்தால்?

மழைக்காலத்தில் சேற்றிலேயே நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும். கோமாரி வந்தாலும் குளம்பில் புண்தான். மாடு நொண்டும், தீனி எடுக்காது. மாட்டு டாக்டர் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார். அது தப்பில்லை. வாயில்லா ஜீவனுக்கும் வைத்தியம் வேண்டுமே!

ஆனால் ஊசி மருந்து ரத்தத்தில் கலந்து மடிக்கும் வருகிறது. சில நாள் வரை பாலில் தங்குகிறது. காய்ச்சினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். பல மருந்துகள் கொதிக்கும் சூட்டையும் தாங்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு உடம்பு தடிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும் மருந்துக்குக் கிருமிகள் பழகிவிடும். நாளை ஆஸ்பத்திரியில் அதே மருந்து கொடுத்தால் கேட்காது!

2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். பீதி வேண்டாம். அலட்சியமும் வேண்டாம்.

சட்டம் இல்லாமலா? இருக்கிறது. ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று மருந்து லேபிளில் அச்சிட வேண்டும். தனியாகக் கணக்கு இல்லாத மருந்துக்குக் குறைந்தது 7 நாள். 2012-ல் மத்திய அரசு போட்ட விதி இது.

விதி சரி. ஒரே கறவை மாட்டை நம்பிப் பிழைக்கிறவர், "ஏழு நாள் பாலைக் கீழே கொட்டினா எங்க வீட்டு அடுப்பு எப்படிங்க எரியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? பதில் இல்லாததால்தான் அந்தப் பாலும் கேனுக்குள் போகிறது.

எந்தத் தேதி வரை பால் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டுகிறவருக்குப் பால் சொசைட்டி பாதிப் பணமாவது கொடுக்க வேண்டும். கொழுப்பு பார்த்து விலை போடுகிறவர்கள் மருந்தையும் பார்க்கட்டும். அரசு செலவில் போடும் கோமாரித் தடுப்பூசியை மாட்டுக்காரர்களும் தவறவிடக் கூடாது.

நஷ்டம் முழுவதையும் ஏழை தலையில் கட்டினால், மருந்து ஊரார் டம்ளரில்தான் வந்து விழும்!