எட்டு மணி என்றது சட்டம்



நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்கிறது. மறுநாள் காலை ஏட்டைப் பிரிக்கின்றோம். இறந்தோர் இத்தனை பேர், காயமுற்றோர் இத்தனை பேர், ஓட்டுநர் போதையில் இருந்தார் அல்லது கண்ணயர்ந்தார், வழக்குப் பதிவாயிற்று. செய்தி அத்துடன் முடிகிறது. "பாவி, குடித்துவிட்டு ஓட்டினானே!" என்று நாமும் ஏசிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகின்றோம்.

ஏசுவது தவறன்று. நாற்பது உயிர்களைத் தம் கையில் ஏற்றுக்கொண்டு மதுவையோ, கஞ்சாவையோ, மாத்திரையையோ நாடுகின்றவருக்காக வாதாட இந்தப் பேனாவை நான் எடுக்கவில்லை. ஆனால் அவர் ஏன் அதனை நாடினார், வண்டியில் ஏறுமுன் எத்தனை மணி நேரம் உறங்கினார், உறங்காதவரை ஏற்றி அனுப்பியவர் யார் என்று எவரேனும் கேட்கிறோமா?

மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. இமைகள் மூன்றே விநாடி ஒட்டிக்கொண்டால், 66 மீட்டர் தூரம் அது ஓட்டுநரே இல்லாத வண்டி! அந்த உறக்கத்தை வெல்லத்தான் மாத்திரை என்கிறார்கள். ஊக்க மாத்திரை உறக்கத்தைப் போக்குவதில்லை, தோழர்களே, மறைத்து வைக்கிறது. அதன் வேகம் தணிந்ததும், மறைத்து வைத்த உறக்கமெல்லாம் வட்டியும் முதலுமாக வந்து கண்ணை அழுத்துகிறது. கஞ்சாவோ, எதிர்வரும் விளக்கு எவ்வளவு தொலைவில் வருகிறது என்னும் கணிப்பையே குலைத்துவிடுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்குமானால் குற்றம் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆவது பிரிவு. 2019இல் வந்த திருத்தம், முதற்குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று ஆக்கியது. ஏனைய போதைப் பொருள்களையும் அதே பிரிவு குற்றமென்கிறது. ஆனால் மதுவுக்குச் சொன்னதுபோல் அளவு எதனையும் சொல்லவில்லை. சாலையோரத்தில் காவலர் நீட்டுகின்ற ஊதும் கருவியோ மதுவை மட்டுமே அறியும். மாத்திரை விழுங்கியவர் அதன் முன்னால் உத்தமர்!

இன்னொரு சட்டமும் இருந்தது. அதைப் பற்றி மேடைகளில் யாரும் பேசக் கேட்டதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. நெடுந்தூர வழித்தடங்களுக்கு 10 மணி வரை சலுகை. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த நிறுவனங்களுக்கே அது என்று வாயிற்படியிலேயே ஒரு வரி. ஒற்றை வேன் வைத்துச் சுற்றுலா நடத்துவோரிடம் வேலை செய்பவர் அந்தப் படியைத் தாண்டவே முடியவில்லை. பிற்காலத்தில் சட்டங்களின் பெயர் மாறின. எட்டு மணி என்ற எண் மாறவில்லை. அந்த எண்ணை மதித்தவர்களும் பெருகவில்லை.

கேளுங்கள் ஒரு ஓட்டுநரை. அடிப்படைச் சம்பளத்தைவிட நாள்படியும், வசூலுக்கேற்ற படியுமே அவர் வீட்டு அடுப்பை எரிக்கின்றன. வண்டி நின்றால் படி இல்லை. ஆகவே வண்டியும் நிற்பதில்லை, அவரும் உறங்குவதில்லை. முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கிடைக்கும், ஆகவே முந்துகிறார். இரவில் சுங்கச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநரை முகம் கழுவச் சொல்லி அனுப்பும் காவலர்களின் நல்லெண்ணத்தை நான் பாராட்டுகிறேன். ஒரு செம்புத் தண்ணீர் பதினெட்டு மணி நேர வேலையைக் கழுவிவிடுமா?

மதுக் கடையைப் பற்றியும் ஒரு சொல். 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேதான். அடுத்த ஆண்டே நகராட்சி எல்லைகளுக்கு அந்தத் தடை தளர்ந்தது. சாலை நகருக்குள் நுழைந்ததும் ஓட்டுநரின் நாவு வறண்டுவிடுமோ என்னவோ!

முதலாளியைச் சாடினேன், அரசைச் சாடினேன். இனி நம் வீட்டுக்குள் வருகிறேன்; முகம் சுளிக்காதீர்கள். மாநாடு என்றால் வண்டி பேசுகிறோம். நூறு வண்டி, இருநூறு வண்டி என்று பெருமையோடு கணக்குச் சொல்கிறோம். முதல்நாள் இரவு ஒருவர் ஓட்டி வருகிறார். பகல் முழுதும் பந்தலுக்கு வெளியே, வெயிலில், ஒலிபெருக்கிகளுக்கு நடுவே இருக்கையில் சாய்ந்து கிடக்கிறார். அது உறக்கமா? நள்ளிரவில் கூட்டம் கலைந்ததும் அதே ஆள் நம் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இருநூறு கல் திரும்ப ஓட்டுகிறார். "அண்ணே, நேரமாச்சு, விரட்டுங்க!" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பவர் வேறு யாருமல்லர், நம் தோழர்.

அடுத்த முறை வண்டி பேசும் தோழர்கள், வாடகைச் சீட்டில் வண்டி எண்ணுக்குக் கீழே இரண்டு ஓட்டுநர்களின் பெயரையும், முந்தைய நடையை அவர்கள் முடித்த நேரத்தையும் எழுதி வாங்குங்கள். மாநாட்டுத் திடலருகே ஓட்டுநர்கள் படுக்க ஒரு பள்ளிக்கூடத்தையோ திருமண மண்டபத்தையோ கேட்டு வையுங்கள். இரண்டாவது ஓட்டுநருக்குக் கூடுதல் கூலி கேட்பார்கள், கொடுங்கள். வரவேற்பு வளைவுகளில் இரண்டைக் குறைத்தால் அந்தப் பணம் வந்துவிடும்.