3+ என்பது சிபாரிசு அல்ல

பிளே ஸ்டோரில் ஒரு கேமைத் திறந்தால் பெயருக்குக் கீழே '3+' என்று சின்னதாக ஓர் எண் தெரியும். மேலே படத்தில் ஒரு குட்டிப் பிராணி கண்ணை விரித்துச் சிரிக்கும். இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிற பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "சின்னப் பிள்ளைங்க கேம்தானே, மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விதவிதமான பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சேர்த்து விளையாடும் போகிமான் வகை கேம்களை இந்த நம்பிக்கைதான் கேள்வி கேட்காமல் வீட்டுக்குள் விடுகிறது. அது தவறான நம்பிக்கை. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிற நம்பிக்கையும்கூட.

அந்த எண் எப்படி வருகிறது? ஐரோப்பாவில் 2003 முதல் இயங்கும் பெகி அமைப்பும், பிளே ஸ்டோருக்கு எண் தரும் ஐஏஆர்சி முறையும் ஏறக்குறைய ஒரே விஷயங்களைத்தான் பார்க்கின்றன. ரத்தம், பயமுறுத்தும் காட்சி, ஆபாசம், வசவு, போதைப்பொருள், சூதாட்டம் ஆகியவை உண்டா, இல்லையா? பிளே ஸ்டோரைப் பொறுத்தவரை இந்தக் கேள்வித்தாளை நிரப்புவது கேமைத் தயாரித்தவர்களே. பிள்ளைக்கு அது புரியுமா, விளையாடியது போதும் என்று எழுந்துபோக அது விடுமா என்பதைக் கேட்பார் யாருமில்லை. கேம் எவ்வளவு கடினம் என்பதை வைத்து எண் தருவதில்லை என்று பெகி வெளிப்படையாகவே சொல்கிறது. சதுரங்க கேமுக்கும் 3 கிடைப்பது அதனால்தான். மூன்று வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாத காட்சி இதில் இல்லை என்று மட்டுமே அந்த எண் சொல்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்காகவே செய்தது என்று பெற்றோர் அதைப் படித்துக்கொள்கிறார்கள்.

போகிமானின் கதையையே பார்க்கலாம். முதல் கேம்களான ரெட், கிரீன் இரண்டும் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம்பாய் கருவிக்காக வெளிவந்தன. உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் பூச்சி பிடித்துத் திரிந்து வளர்ந்தவர். வயலும் குட்டையும் கட்டடங்களுக்கு அடியில் போன பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷத்தைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார். அந்த நினைப்பு நல்லது, கேமும் நல்லது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதில் ஞாபகசக்திக்கும் திட்டமிடலுக்கும் நிறைய வேலை இருக்கிறது. நெருப்பை நீர் வெல்லும், நீரை மின்சாரம் வெல்லும் என்று இன்றைக்கு 18 வகைகளின் உறவை மனதில் வைத்து ஆட வேண்டும். ஆனால் எல்லாமே எழுத்தில் நடக்கிறது. முதன்மை கேம்கள் இதுவரை தமிழிலோ வேறெந்த இந்திய மொழியிலோ வந்ததில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கும். பிள்ளை விளையாடுகிறது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

போகிமானை எதிர்த்தவர்களும் படத்தைத்தான் பார்த்தார்கள். இது சேவல்கட்டு என்றார்கள். விலங்குரிமை அமைப்பான பீட்டா 2012-இல் இதை எதிர்த்துப் பிரசாரமே நடத்தியது. போகிமான் சண்டையில் தோற்ற பிராணி சாவதில்லை, மயங்கி விழும், அவ்வளவுதான். ஆனால் அதே ரெட் கேமில் செலடான் என்று ஒரு நகரம் வருகிறது. அங்கே வரிசையாக ஸ்லாட் மெஷின்கள் நிற்கும். காசு போட்டு, சுழற்றி, ஜெயித்த காசில் வேறெங்கும் பிடிக்க முடியாத போரிகான் என்ற பிராணியை வாங்கலாம். சூதாட்ட விடுதி பிள்ளைகளின் கேமுக்குள்ளேயே இருந்தது. வெளியே சண்டைக் காட்சியைப் பற்றித்தான் விவாதம் நடந்தது. பின்னால் விதிகள் இறுகின. 2009-இல் ஐரோப்பாவுக்கு வந்த போகிமான் பிளாட்டினம் கேமில் அந்த மெஷின்கள் வேலை செய்யாது. சூதாட்டத்தைக் கற்றுத்தரும் புதிய கேம்களுக்கு 2020 முதல் பெகி 18 என்று முத்திரை போடுகிறது. பிள்ளைகள் அதே வயதில்தான் இருந்தார்கள். எண் கொடுக்கும் விதிதான் மாறியது.

பணம் பிடுங்கும் கதை இதைவிட மோசம். ஐபோனில் டிராகன்களை வளர்த்துச் சேர்க்கும் 'டிராகன் ஸ்டோரி', மிருகங்களைச் சேர்க்கும் 'டைனி ஸூ ஃப்ரெண்ட்ஸ்' போன்ற கேம்களில் பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் நூற்றுக்கணக்கான டாலர்களைச் செலவழித்த புகார்கள் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்துக்குப் போயின. பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால், அடுத்த 15 நிமிடங்களுக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்க முடிந்தது. இதைப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கூகுள் 1.9 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. குட்டி அரக்கர்களைத் தத்தெடுத்து வளர்க்கும் 'மோஷி மான்ஸ்டர்ஸ்' பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடையே பெரும் பெயர் பெற்றிருந்தது. சந்தா கட்டச் சொல்லி அது பிள்ளைகளை நேரடியாகத் தூண்டுகிறது என்று அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் 2015-இல் கண்டித்தது. இவற்றில் எதிலும் ரத்தமும் இல்லை, வசவும் இல்லை.

2024 அக்டோபரில் வந்த 'போகிமான் டிசிஜி பாக்கெட்' இன்னும் நுட்பமானது. தரவிறக்கம் இலவசம். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து கார்டுகள் கொண்ட ஒரு பாக்கெட்டை இலவசமாகப் பிரிக்கலாம். உள்ளே என்ன கார்டு என்பது முன்கூட்டித் தெரியாது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் நிஜப் பணம் கொடுத்து 'போகே கோல்டு' வாங்கி உடனே பிரிக்கலாம். ஆன்லைன் ரம்மி குடும்பங்களை அழிப்பதைக் கண்ட தமிழ்நாடு, அதைத் தடைசெய்ய 2022-இல் சட்டசபையில் மசோதாவே நிறைவேற்றியது. ரம்மியில் ஜெயித்தால் பணம் வரும். இங்கே பணம் போட்டால் படம் மட்டுமே வரும். சட்டத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியமாக இருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது முக்கியமில்லை. 'அடுத்த பாக்கெட்டில் கிடைத்துவிடும்' என்ற தவிப்பு இரண்டிலும் ஒன்றேதான். அந்தத் தவிப்பை விரலில் பழக்கிவிடுவதைக் குழந்தை விளையாட்டு என்று யாரும் சொல்லக் கூடாது.

கேமுக்குள் பணம் கேட்கப்படும் என்ற தனி அடையாளத்தைப் பெகி 2018-இல் கொண்டுவந்தது. வாங்கும்வரை உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பொருள்கள் உண்டு என்ற குறிப்பை 2020-இல் சேர்த்தது. பிளே ஸ்டோரிலும் கேமின் பெயரருகே பொடி எழுத்தில் அப்படி ஒரு வரி வரும். வயது எண்ணைப் படிப்பவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போனில் ஆடும் 'போகிமான் கோ' கேமோ சிறுவர்கள் கணக்குத் தொடங்கவே பெற்றோரின் அனுமதியைக் கேட்கிறது. அவசரத்தில் தங்கள் கணக்கிலேயே நுழைத்துவிடும் பெற்றோருக்கு அது கண்ணில்கூடப் படாது.

கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் விளையாடிப் பார்க்க வேண்டும். கடைப் பக்கம் எத்தனை தட்டலில் திறக்கிறது, காத்திருக்கச் சொல்லும் கடிகாரம் எங்கே வருகிறது, முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையிடம் பேச வழி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைக்குப் பொருந்தும் கேம்கள் இல்லாமல் இல்லை. 2021-இல் வந்த 'நியூ போகிமான் ஸ்னாப்' கேமில் பிராணிகளைப் போட்டோ எடுப்பதுதான் வேலை. 2018-இல் வந்த 'லெட்ஸ் கோ' கேமில் இரண்டாவது கன்ட்ரோலரை ஆட்டினால் போதும், அம்மாவோ அப்பாவோ விளையாட்டில் சேர்ந்துகொள்ளலாம், திரையில் வருவதைப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். நிஜப் பணம் கேட்கும் கடை அதற்குள் இல்லை. அந்த 'லெட்ஸ் கோ'வுக்கு ஐரோப்பாவில் கொடுத்திருக்கும் எண் 7.