விடுபட்ட பதக்கத்தை யார் தேடுவது?

1965 செப்டெம்பர் 7. இந்தியப் பஞ்சாபின் ஆதம்பூர் தளத்திலிருந்து பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கப் புறப்பட்ட மிஸ்தேர் விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. அதை ஓட்டிச் சென்றவர் குடகு நாட்டுக்காரர், ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. உடன் பறந்தவர்களுக்கு அவர் என்னவானார் என்று தெரியாது. இந்திய விமானப்படையின் ஏட்டில் அவர் 'காணாமற்போனவர்' என்று பதிவானார். கோப்பு அத்தோடு மூடப்பட்டது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்க வைத்தது எதிரித் தரப்பின் சாட்சியம். ஜோன் பிரிக்கர் என்ற பிரித்தானிய எழுத்தாளர் பாகிஸ்தானியரின் தகவல்களைக் கொண்டு அந்த வான்போர் பற்றி 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறக்கவல்ல எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்று, பழைய மிஸ்தேர் விமானம் ஒன்றால் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. அதன் விமானி அம்ஜத் ஹுசைன் வான்குடையில் குதித்து உயிர் தப்பினார். நாளையும் இடத்தையும் பொருத்திப் பார்த்தபோது அந்த மிஸ்தேரில் இருந்தவர் தேவய்யாவாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. 1988இல், அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து, இந்தியா அவருக்கு மகா வீர் சக்ரா வழங்கியது.

"எங்கள் கோப்பில் இல்லை, ஆகவே நடக்கவில்லை" என்று டில்லி சொல்லியிருந்தால் அதை மறுக்க எவராலும் முடிந்திராது. அப்படிச் சொல்லாமல், வெளியிலிருந்து வந்த சான்றை எடுத்துத் தன் ஏட்டைத் தானே திருத்திக்கொண்டது. படைச்சேவைப் பதிவுகளைத் திருத்துவது பற்றிப் பேசும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் தேவய்யா அதிகாரி. அவருடையது வீரப் பதக்கம். அத்தகைய பதக்கங்கள் வர்த்தமானியில் வரும், பத்திரிகையில் வரும், ஊர் பேசும். இலங்கையில் முல்லைத்தீவு முகாமை மீட்கச் சென்று 1996 ஜூலையில் உயிர்நீத்த விசேட படையணித் தளபதி கேணல் பஸ்லி லாபிருக்குக் கிடைத்த பரம வீர விபூஷணய எந்தக் காலத்திலும் ஏட்டிலிருந்து விடுபடப் போவதில்லை. விடுபடுபவை சிறிய பதக்கங்கள். இன்ன களத்தில் இத்தனை காலம் கடமையில் இருந்தார் என்பதற்காகக் கொடுக்கப்படும் சேவைப் பதக்கங்கள். இலங்கையில் பூர்ண பூமி பதக்கம, வடக்கு-கிழக்கு நடவடிக்கைப் பதக்கம், ரிவிரெச பதக்கம் என்று அவை பல. தகுதி இருந்தால் எவர் சிபாரிசும் இன்றிக் கிடைக்க வேண்டியவை என்பதால், கிடைக்காதபோது அவற்றுக்காகக் குரல் கொடுக்கவும் எவரும் இருப்பதில்லை.

விடுபடுவதற்குப் பெரிய சதி எதுவும் வேண்டியதில்லை. சிப்பாய் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் வாரத்தில் அவருடைய பிரிவு பெயர்ப்பட்டியல் தயாரிக்கும். ஒரு படைப்பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலானவரை இரு பிரிவும் மற்றது எழுதியிருக்கும் என்று நம்பி விட்டுவிடும். இரண்டாம் உலகப் போருக்கான பதக்கங்களைப் பிரித்தானிய அரசு தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. பேரனின் கையில் இருக்கும் உலோக வட்டத்தைப் பார்த்து அது யாருடையது என்று இன்று எவரும் சொல்ல முடியாது. ஏட்டில் உள்ள ஒரு வரிதான் அதற்கு உயிர்.

கிழக்கிலங்கையில் காரைதீவிலிருந்து சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று நீளும் கரையில் அந்த ஒரு வரி பிழைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெயர். இக்கரை முஸ்லிம்களின் பெயர்கள் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் முன்னெழுத்துகளாகக் குறுகி, ஏ.எல்.எம்., எம்.ஐ.எம்., யூ.எல். என்று தொடங்கும். ஒரே ஊரில் ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்டவர்கள் பலர் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் 'முகம்மது', அடையாள அட்டையில் 'மொஹமட்', சிங்களத்தில் எழுதப்பட்ட சம்பளப் பட்டியலில் வேறொன்று, ஆங்கிலப் படிவத்தில் மற்றொன்று. இங்குள்ள தமிழ்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். நாலு ஏட்டில் நாலு விதமாக நிற்கும் பெயர், கணினி முன் உட்கார்ந்திருக்கும் எழுதுவினைஞருக்கு நாலு வெவ்வேறு மனிதர். அதில் மூவருக்குச் சேவையில்லை, ஒருவருக்குப் பதக்கமில்லை.

இக்கரையில் ஆயுதம் தாங்கிக் கடமை செய்தவர்களில் பெரும்பகுதியினர் இராணுவத்தின் முழுநேரச் சிப்பாய்களும் அல்லர். அவர்கள் ஊர்காவல் படையினர். 1985ஆம் ஆண்டின் துணைப்படைச் சட்டத்தின் கீழ் வந்து, பொலிஸாரின் கீழ் இயங்கி, சிறு கொடுப்பனவுக்கு இரவுக் காவல் நின்றவர்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின் கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் அந்தப் படை பெருகியது. 2006இல்தான் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்ற ஒழுங்கான அமைப்பானது. அதற்கு முந்திய காலத்தில் வயற்கரையில், பாலத்தடியில், ஊரெல்லையில் நின்றவர்களின் கடமைப் பதிவு பொலிஸ் நிலையத்துக் கொப்பிகளை நம்பியே இருந்தது. முழுநேரப் படைவீரனின் கோப்பே தவறும்போது, இந்தக் கொப்பிகளில் உள்ள சேவைக்கு என்ன உறுதி?

இதை எழுதும்போது வீரமுனையை விட்டுவிட்டுப் போக முடியாது. காரைதீவுக்கு மேற்கே சம்மாந்துறையை ஒட்டிய அந்தத் தமிழ்க் கிராமத்தில் 1990 ஆகஸ்டில் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினர்மீதே குற்றம் சாட்டப்பட்டது. அப்படியிருக்க அந்தப் படைக்குப் பதக்கமா என்று காரைதீவில் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கான பதிலும் சரியான பதிவேட்டில்தான் இருக்கிறது. அன்று யார் எங்கே கடமையில் இருந்தார், யார் கையில் எந்தத் துப்பாக்கி இருந்தது என்பது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், ஊரைக் காத்து நின்றவர் தன் சேவையை நிறுவலாம். குற்றம் செய்தவர் கூட்டத்துக்குள் ஒளிய முடியாது. பதிவில்லாத படையில் நேர்மையானவரும் கொலைகாரரும் ஒரே நிறத்தில் தெரிகிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் இது இழப்பு.

கல்முனையில் இதைவிட முந்திய கடன் ஒன்றும் இருக்கிறது. 1990 ஜூன் 11 அன்று கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சுற்றி வளைத்தார்கள். ஆயுதங்களைக் கீழே வைக்கும்படி மேலிடத்துக் கட்டளை வந்தது. சரணடைந்தவர்களில் சிங்கள, முஸ்லிம் பொலிஸார் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கல்முனை நிலையத்தவரும் அவர்களில் அடங்குவர். கொல்லப்பட்டவர்கள் 600 என்று சிலரும், 774 வரை என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். கட்டளைக்குப் பணிந்து இறந்தவர்களின் எண்ணிக்கையே 30 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு புள்ளியில் வந்து நிற்கவில்லை என்றால், அவர்களில் ஒவ்வொருவரின் சேவைப் புத்தகமும் முழுமையாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

ஏடு அழிந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் பயனுள்ளது. 1973 ஜூலை 12 அன்று சென் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசியப் படையினர் பதிவு மையத்தில் தீப்பிடித்து 160 இலட்சத்துக்கும் 180 இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோப்புகள் எரிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 வீதம் அதில் போயிற்று. நகல் இல்லை, நுண்படச்சுருள் இல்லை. அரசு என்ன செய்தது? சம்பளச் சீட்டுகள், பிரிவுகளின் காலை அறிக்கைகள், ஆஸ்பத்திரிப் பதிவுகள் என்று வேறிடங்களில் கிடந்த தாள்களைத் திரட்டி ஒவ்வொருவரின் சேவையையும் மீளக் கட்டியெழுப்பும் தனிப் பிரிவையே அமைத்தது. "உங்கள் கோப்பு எரிந்துவிட்டது, நீங்களே நிரூபியுங்கள்" என்று சொல்லி விட்டுவிடவில்லை.

அதற்கும் முன்பே, 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, அங்கே படைப்பதிவுகளைத் திருத்தும் சபைகள் பிறந்துவிட்டன. அவற்றில் அமர்பவர்கள் சிவிலியர்கள். விடுபட்ட பதக்கத்துக்கான தகுதி தாளிலேயே தெளிவாக இருந்தால் சபை வரை போக வேண்டியதில்லை. நிர்வாக மட்டத்திலேயே விடுகைப் பத்திரத்துக்குத் திருத்தத் தாள் ஒன்று இணைக்கப்படும். சிக்கலானவை மட்டும் சபைக்குச் செல்லும். பிழையைக் கண்டு மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் சபைக்கு உண்டு. இறந்தவரின் குடும்பமும் கேட்கலாம்.

பிழைகள் எல்லாத் தலைகளிலும் சமமாக விழுவதில்லை என்பதையும் அந்த நாடே ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் சேவை செய்தும், போர் முடிந்தபோது அவர்களில் ஒருவருக்குக்கூட உச்ச வீரப் பதக்கம் கிடைத்திருக்கவில்லை. 1990களில் தரைப்படையே ஷோ பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. 1997 ஜனவரியில் எழுவருக்கு அப்பதக்கம் வழங்கப்பட்டபோது உயிரோடு இருந்தவர் வேர்னன் பேக்கர் ஒருவர் மட்டுமே. சிறுபான்மையினர் குறைவாக உள்ள படையில், அவர்களின் மொழியில் எழுதப்படாத ஏட்டில் யாருடைய வரி விடுபடும் என்று கேட்க இலங்கைக்கும் காரணம் இருக்கிறது.

தமிழருக்கு நெருக்கமான இன்னொரு வழக்கு இந்திய தேசிய இராணுவம். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் சுபாஸ் சந்திர போசின் படையில் சேர்ந்தார்கள். தோற்றுக் கலைந்த படைக்கு ஒழுங்கான ஏடு எங்கே இருக்கும்? 1972இல் இந்தியா விடுதலை வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது சிறைச் சான்றிதழைக் கேட்டது. கால் நூற்றாண்டுக்கும் முந்திய தாள் இல்லாத முதியவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். 2001இல் குர்தியால் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கு ஓர் எல்லை போட்டது. குற்றவியல் வழக்கில் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும்படி இவர்களைக் கேட்கக் கூடாது. நடந்திருக்கக் கூடும் என்று நியாயமாகத் தெரிந்தால் போதும் என்றது. முறையான படையினருக்கென 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான படையினர் தீர்ப்பாயத்தின் ஓர் அமர்வு இன்று சென்னையிலேயே இருக்கிறது.

இலங்கைக்கு இந்த நியாயம் புதிதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்தபோது நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அடையாள அட்டையும் வீட்டோடு போயின. உடல் கிடைக்காதவருக்கு மரணப் பதிவு கிடையாது என்று அடம்பிடித்தால் அனாதைப் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காது என்று கண்ட பாராளுமன்றம், 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டத்தை இயற்றிச் சான்றின் அளவைத் தளர்த்தியது. போரில் காணாமற்போனவர்களுக்கு 2010இல் மரணப் பதிவுச் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த தாய்மாரின் நியாயத்தைக் கேட்டு 2016இல் 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' வந்தது. பிடிவாதமான ஏட்டை வளைக்க இந்நாட்டுக்குத் தெரியும். படைச்சேவைப் பதிவுகளுக்கு மட்டும் அந்த அறிவு ஏன் எட்டவில்லை?

பொய்க் கோரிக்கைகள் குவியும் என்று மறுப்பவர்கள் உண்டு. சில வரும்தான். ஆனால் சேவைப் பதக்கத்தைச் சரிபார்ப்பது வீரப் பதக்கத்தைச் சரிபார்ப்பதைப் போலக் கடினமில்லை. அக்காலச் சம்பளப் பட்டியல், ஆயுதம் கொடுத்து வாங்கிய கொப்பி, ஆஸ்பத்திரிச் சீட்டு, உடன் நின்ற இருவரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் பொய் நிற்காது. இவற்றில் முதல் இரண்டும் அரசின் அலுமாரியிலேயே இருக்க வேண்டியவை. அந்த அலுமாரியைத் திறக்கும் திறப்பு முதியவரிடம் இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் தன் பதிவைக் கேட்டுப் பெறலாம். அச்சட்டம் பிழையைக் காட்டும், ஆனால் திருத்தாது. 1999இல் சட்டம்மூலம் அமைந்த ரணவிரு சேவை அதிகார சபை நலன்களைக் கவனிக்கிறது. திருத்துவதற்கென்று சிவிலியர் அமரும் நிரந்தர மன்று ஒன்று தேவை. முப்படை, பொலிஸ், ஊர்காவல் படை மூன்றும் அதன் எல்லைக்குள் வர வேண்டும். கையில் துண்டு ஆவணம் ஒன்றாவது இருந்தால் மீதியைத் தேடும் பொறுப்பு திணைக்களத்தைச் சேர வேண்டும். பெயர் எழுத்து வேறுபாட்டை மட்டும் காரணம் காட்டி எந்த விண்ணப்பமும் திரும்பக் கூடாது.

தமிழ் ஆட்சிமொழியான நாட்டில் விண்ணப்பம் தமிழில் இருப்பதும் பதில் தமிழில் வருவதும் சலுகையாகாது. மன்று கொழும்பில் மட்டும் கூடினால் எழுபதைத் தாண்டியவர்கள் பஸ் ஏற மாட்டார்கள். பிள்ளைகளும் ஒருநாள் உழைப்பை விட்டுக் கூட்டிப் போக மாட்டார்கள். ஆண்டுக்கு இரு முறையாவது கல்முனையில் அது கூட வேண்டும். முதல் அமர்வில் எடுக்க வேண்டியது 1990 ஜூன் 11இன் பெயர்ப்பட்டியல்: நிலையம் நிலையமாக, பெயர் பெயராக, மூன்று மொழிகளிலும். அன்று கடமையில் இருந்தவர்களின் சம்பளப் பதிவு பொலிஸ் திணைக்களத்திடம் இருந்தாக வேண்டும். விதவைகள் பலர் இன்னும் இருக்கிறார்கள்.