கையொப்பமிடாதவர்கள்

தபால் தலையும் தீப்பெட்டிப் படமும் சேர்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. மேலைநாடுகளில் போர் விமான ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைச் சேர்ப்போர் பலர். சில நூறு பிரதிகளே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஓவியரும் விமானியும் ஓரத்தில் பென்சிலால் கையொப்பமிடுவர். விமானி மறைந்தபின் விலை ஏறுவதும் உண்டு!

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் தாங்கின. சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்காக வந்த பெயர் அது. நம் திருச்சுழியும் அன்று அம்மாகாணத்து ஊரே. படத்தில் விமானியின் கையொப்பம் இருக்கும். காசு கொடுத்த ஏழையின் பெயர் எங்கே?

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நாட் விமானத்தில் போரிட்டு வீழ்ந்தார் நிர்மல்ஜித் சிங் சேகோன். பரம் வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அவர் எந்தப் படத்தில் கையொப்பமிடுவார்? மீண்டு வந்தவர்கள்தானே கையொப்பமிட முடியும்!

சேகரிப்பது நல்ல பழக்கமே. ஆனால் விலையை மட்டும் பார்த்துச் சேகரிப்பது வியாபாரம் என்போம். தோழியரே, பட்டாளத்துக்குப் போனவரின் பழைய புகைப்படம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கலாம். அவர் அனுப்பிய மணியார்டரைக் கைநாட்டு வைத்து வாங்கிய பாட்டியின் கதையும் வீட்டில் வழங்கலாம். இவ்விடுமுறையில் பெரியவர்களைக் கேளுங்கள். இருவர் பெயரையும் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். விலையில்லாச் சேகரிப்பு அதுவே!