மழைப் புத்தகம் யாருக்கு?



பெரிய தோட்டங்களில் ஆபீசுக்கு அருகே, மரநிழல் படாத புல்தரையில் ஒரு மழைமானி நட்டிருக்கும். காலையில் கிராணியார் போய், அதில் தேங்கிய நீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அக்காலத்தில் அங்குலக் கணக்கு. பின்னால் மில்லிமீட்டர் வந்தது. உரம் போடும் நாள், கன்று நடும் மாதம், மழையால் வெட்டு நின்ற நாட்கள் எல்லாம் அந்த ஏட்டைப் பார்த்தே துரைக்குத் தெரியும். ரப்பர் மரத்துக்காக ஆண்டாண்டாக எழுதிய ஏடு அது. லயத்துக்குப் பின்னால் கத்தரி நட்ட தொழிலாளிக்கு அதிலிருந்து ஒரு வரி படித்துக் காட்டியவர் உண்டா? நான் அறிந்தவரை இல்லை.

கத்தரிக்காய்க்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் நம் அடுப்பு எரிவதும் எரியாததும் இதில் அடங்கியிருக்கிறது.

நான் இப்போது குடியிருப்பது பாகான் டாலாமில். துறைமுகமும் ரயிலடியும் பக்கம். ஆனாலும் இங்கே வாசலுக்கு வாசல் பழைய பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலையும் மிளகாயும் நிற்பதைக் கண்டால், இந்த வீட்டுப் பெரியவர்கள் எந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் என்று கேட்காமலே தெரிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையில் கரும்பு வெட்டியவர்கள், பிறகு அதே மண்ணில் ரப்பர் வெட்டியவர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள். (வாளியின் அடியில் துளை போடுங்கள், தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும், டெங்கியும் வரும், அபராதமும் வரும்.)

நம் பகுதியின் பருவத்தை முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம். கிளந்தான், திரங்கானுத் தோழர்கள் ஆண்டுக் கடைசியில் வெள்ளத்தில் நிற்பார்கள். நமக்கோ ஜனவரி, பிப்ரவரிதான் ஆண்டிலேயே வறண்ட மாதங்கள். பிறகு ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெரிய மழை. கிழக்குக் கரைக்காரர் சொன்ன மாதத்தில் இங்கே விதைத்தால் விதைதான் நட்டம்.

அந்த வறட்சியில்தான் மரம் இலை சிவந்து உதிர்கிறது. புதுத் துளிர் வந்து முற்றும்வரை மங்கில் பால் ஏறாது. பல இடங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். மாதச் சம்பளக்காரருக்கு 2025 முதல் 1,700 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. ஆனால் இந்நாட்டு ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று சிறு தோட்டக்காரர் கையில் அல்லவா இருக்கிறது? அங்கே பாதிப் பங்குக்கு மரம் வெட்டும் நம்மவருக்கு எந்தச் சட்டம் சோறு போடும்? பால் இல்லையென்றால் பங்கும் இல்லை. போதாக்குறைக்கு, 2017லிருந்து பெஸ்டலோட்டியோப்சிஸ் என்னும் பூசண நோய் வந்து, பருவம் தவறியும் இலை கொட்டுகிறது.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பிப்ரவரியில் உண்ண வேண்டியதை எந்த மாதம் நட வேண்டும்? மரவள்ளிக்கு ஒன்பது பத்து மாதம் வேண்டும். ஏப்ரல் மழையில் நட்டால்தான் இலையுதிரில் கிழங்கு. சர்க்கரைவள்ளிக்கு நான்கு மாதம். அக்டோபரில் உயரமான பாத்தி கட்டிக் கொடி நடுங்கள், தாழ்ந்த நிலத்தில் நட்டால் அடைமழையில் அழுகும். கத்தரி நாற்றை நவம்பரில் எடுத்து நட்டால் பிப்ரவரியில் காய்க்கும், தண்ணீர் விட ஆள் வேண்டும். கீரை ஒரு மாதப் பயிர். அதற்கு யோசனையே தேவையில்லை. கீழே கொட்டிய ரப்பர் இலையைக் கொளுத்தாதீர்கள். கூடையில் வாரிவந்து செடியைச் சுற்றி மூடினால் ஈரம் நிற்கும், தண்ணீர் சுமப்பது பாதியாகும்.

மரவள்ளி என்றதும் எங்கள் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மூன்று வேளையும் அதையே தின்ற வாய் அது. போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலும் சயாமிலும் இருந்து கப்பலில் வந்தது. கப்பல் நின்றது, தோட்டத்துக்கு அரிசி நின்றது. அப்போது மனிதனைக் காத்தது லயத்துப் பின்புறத்து மண்தான்.

அந்த மண் யாரும் போட்ட பிச்சையும் அன்று. போருக்கு முந்திய மலாயாவின் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பஸ்தனான தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் விட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏறக்குறைய ஐம்பதடிக்கு ஐம்பத்து நாலடி. வெள்ளைக்காரன் ஆட்சியே அவ்வளவை ஒப்புக்கொண்டிருந்தது! அந்தச் சட்டம் போய் வேறு சட்டங்கள் வந்துவிட்டன. அந்த அளவை மட்டும் நாம் மறக்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்கிறேன். 1970களில் நான் சிறுவன். நாங்கள் இருந்த தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். என் தாயாரின் பாத்தியில் நிலக்கடலை பூத்து, விழுது மண்ணில் இறங்கிய நேரம். ஒரு காலைப் பெரட்டு முடிந்து வெளிக்காட்டு வேலைக்குப் போனார். பகல் திரும்பும்போது புல்டோசர் போய்விட்டிருந்தது. வேலைத் திட்டம் ஆபீஸ் சுவரில் மாதக்கணக்காகத் தொங்கியதாம். கிராணியாருக்குத் தெரியும். அம்மாவிடம் வாராவாரம் கத்தரிக்காய் வாங்கிய மனிதர். அவர் மேல் இன்று எனக்குக் கோபமில்லை. வாயைத் திறந்திருந்தால் அவர் வேலை என்ன ஆகியிருக்குமோ! ஆனால் இன்னும் ஒரு மாதம் கழித்து உழச் சொல்ல அங்கே ஒரு நாதி இல்லையே என்பதுதான் உறுத்துகிறது.

சங்கம் சம்பளத்தைக் கேட்கட்டும், காய்கறி எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம். 1930களின் மந்தத்தில் கூலியை வெட்டியவர்கள், தோட்டம் போட்டுப் பிழைத்துக்கொள் என்று சொல்லத் தயங்க மாட்டார்கள், நாளையும் சொல்வார்கள். ஆகையால் பாத்தியில் விளைந்தது சம்பளக் கணக்கில் ஒரு காசும் சேரக்கூடாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே கேட்க வேண்டும்: பயிர் நிற்கும் நிலத்தை அறுவடைக்கு முன் அழிப்பதில்லை, அழிக்க வேண்டுமானால் நான்கு மாத அறிவிப்பு எழுத்தில் தருவது. பிப்ரவரியில் லயத்துக்கு ஒரு குழாய் கூடுதல். இவை ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

பாகான் டாலாமில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு லயமும் இல்லை, துரையும் இல்லை. செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் போய், புல் வெட்டுவதற்கென்றே செலவு செய்யும் கட்டடத்து ஓர நிலத்தில் பத்துப் பாத்திக்கு அனுமதி கேட்கலாம். தனி ஆளாய்ப் போனால் மனு மேசையில் தூங்கும். குடியிருப்பாய்ப் போங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்கு எவர் ஒப்புதலும் பெரிதாகத் தேவைப்படாது. சென்ற மாதம் எத்தனை மில்லிமீட்டர், சென்ற ஆண்டு இதே மாதம் எத்தனை என்று இரண்டே எண்ணைச் சுண்ணக்கட்டியால் பெரட்டுக்களப் பலகையில் எழுதி வையுங்கள். உங்கள் கையால் அளந்த மழைதானே அது!

மற்றவர்கள் மார்ச் கடைசிக்குள் மரவள்ளிக் குச்சியைத் தேடுங்கள். முற்றிய தண்டின் நடுப்பாகமாகப் பார்த்து, நிழலில் நிறுத்தி வைத்து, முதல் நல்ல மழை விழுந்ததும் சாண் சாணாக நறுக்கி, கணு மேல் நோக்க நடுங்கள்.