சூட்கேஸில் கறிவேப்பிலைக் கன்று வேண்டாமே!

எங்க அபர்டீன் பஜாரில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாக வரும். இங்கே நியூஜெர்சியில் சின்னப் பொட்டலத்துக்கே தனிக் காசு. அதனால் ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மாட்கள் சிலர், துணிக்குள் ஒரு கன்றைச் சுருட்டி எடுத்துவரப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், மக்களே!

ஏர்போர்ட்டில் மாட்டினால் அபராதம் என்பதெல்லாம் சின்ன விஷயம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அதன் தளிரில் சாறு உறிஞ்சும் ஒரு குட்டிப் பூச்சிதான் ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிறது. ஃபுளோரிடாவில் அந்தப் பூச்சி 1998-இல் தென்பட்டது, நோய் 2005-இல். அங்கே 2003-04 பருவத்தில் விளைந்த ஆரஞ்சு 24 கோடிப் பெட்டி. 2024-25-இல் ஒன்றரைக் கோடிகூட இல்லை. புயல்களுக்கும் இதில் பங்குண்டு; ஆனால் பெரிய காரணம் இந்த நோய்தான். விவசாயி வயிற்றில் அடித்துத்தான் நாம் ரசம் தாளிக்கணுமா?

இங்கேயே நல்ல நர்சரியில் வாங்குங்கள். எங்க ஊரில் ஜனவரியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். செடிக்கு அந்தச் சூடுதான் பழக்கம். இரவுக் குளிர் 10 டிகிரியை, இங்கத்திய கணக்கில் 50-ஐ, நெருங்குமுன் தொட்டியைத் தெற்கு ஜன்னலோரம் கொண்டுவந்து விடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். குளிர்காலத்தில் இலை கொட்டினால் பதறிப்போய் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, வசந்தத்தில் துளிர்க்கும்.

தினமும் பறிக்கிற அளவுக்கு வளர ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். ஆகட்டுமே! அதுவரை கடைப் பொட்டலம் இருக்கவே இருக்கு :-)